துரை காரிலிருந்து இறக்கிய தண்ணீர்

முதலில் எனக்கு அவரைப் பிடிக்காது. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். இப்போது நினைத்தால் கண் கலங்குகிறது என்பதற்காக, அப்போதும் பாசமாகத்தான் இருந்தேன் என்று கதை விட எனக்கு மனசில்லை.

எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் லாரி ஓட்டியது அவர்தான். அதைப் பழுது பார்த்ததும் அவர்தான். துரைமார்களின் கார்களையும் அவரே கவனித்துக்கொண்டார். பெயர் என்று ஒன்று இருந்தது. விடிகாலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கிற கிராணி பெயர் வாசிக்கும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் டிரைவரண்ணன். நானும் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் எங்கேயாவது நன்றாக இருப்பார்கள், அப்பாவின் லாக்கப் கதையை அவர்களுக்கு நான் போய்ச் சொல்ல வேண்டாம்.

ஆள் குள்ளம். காக்கிக் கால்சட்டை, காதில் ஒரு பென்சில், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். வெற்றிலை போடுவார். ஆனால் எச்சிலைக் கண்ட இடத்தில் துப்ப மாட்டார், அதற்கென்று ஒரு காலிப் பால் டின்னைக் கூடவே வைத்திருப்பார். லாரியில் போனாலும் அது ஸீட்டுக்குக் கீழே இருக்கும். பால்மரம் வெட்டப் போகிற பெண்கள் விடுவார்களா? "டிரைவரண்ணே, பொண்ணு பாக்கப் போனப்பவும் டின்னோடதான் போனீங்களா?" என்று கேட்பார்கள். "ஆமா, பொண்ணு வீட்டுலயும் ஒண்ணு வச்சிருந்தாங்க. அதான் கட்டிக்கிட்டேன்" என்பார்.

அவரிடம் ஒரு கேள்வி உண்டு. யார் எதைக் கொட்டினாலும் அந்தக் கேள்வி வந்துவிடும். கிராணியின் ஆள் பழைய மையை ஜன்னல் வழியாக வீசினால், ஸ்டோரில் ரப்பர் பால் உறைய வைக்கும் புளிப்புத் தண்ணீரை வாளியோடு கவிழ்த்தால், லயத்து வீட்டுப் பெண் சவர்க்காரத் தண்ணீரை வாசலில் ஊற்றினால், நின்று கேட்பார். "இப்ப ஊத்துனீங்களே, இது எங்க போவும்?" கண்டிப்பதற்காகக் கேட்பதில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அதனால்தான் அது எரிச்சலாக இருக்கும். திட்டினால் திருப்பித் திட்டலாம். எங்கே போகும் என்று கேட்கிறவரிடம் என்ன பேசுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பி வேலி வருவதற்கு முன்னால், லாரிக் கொட்டகைக்குப் பக்கத்துக் காவாயில் தேங்காய் மட்டைத் துண்டுகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்து மிதக்க விட்டார். பிறகு அவற்றோடு கூடவே நடந்தார். குளிக்கிற இடத்தைத் தாண்டி, கோயிலுக்குப் பின்பக்கமாகப் போய், மாடுகள் தண்ணீர் குடிக்கிற குட்டைக்கு வந்து, அங்கிருந்து மதகு வழியாக ஆற்றுக்குப் போய், ஆற்றோரமாக மலாய்க்காரக் கிராமமான கம்பத்து வயல்வரை போய்விட்டார். முழங்கால்வரை சேறோடு திரும்பி வந்து, கடையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னார்: "நம்ம லாரிக் கொட்டாத் தண்ணி கம்பத்து வயலுக்குப் போவுதுப்பா. அதுலதான் நெல்லு விளையுது."

"அதுக்கு நாங்க என்னா செய்யணும் லா?" என்றார் வேலை வாங்குகிற மண்டோர்.

"ஒண்ணும் செய்ய வேணாம். தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்."

கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் எங்கள் கன்றுக்குட்டி செத்திருந்தது.

அப்பா இறந்த பிறகு ஆத்தா ஒரு பசு வைத்திருந்தார். அது போட்ட முதல் கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. நான்தான் அதற்குத் தாய் மாதிரி. அந்தச் சமயம் பெரிய துரைக்குச் சீமையிலிருந்து கப்பலில் புதுக் கார் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்த ஊரில் குளிர் காலத்தில் காரின் ரேடியேட்டரில் இருக்கிற தண்ணீர் ஐஸ் ஆகி எஞ்சினையே வெடிக்க வைத்துவிடுமாம். அப்படி ஆகாமலிருக்க ஒரு நீலத் திரவத்தைக் கலந்து அனுப்புவார்களாம். நம்ம ஊர்ச் சூட்டில் ஓடி ஓடி அது துருவேறிக் கலங்கிப் போயிருந்தது. டிரைவரண்ணன் அடிக் குழாயைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் விட்டார், கிணற்றுத் தண்ணீரை ஊற்றி மூடினார். அவ்வளவுதான். அப்போது அவர் எங்கே போகும் என்று யாரையும் கேட்கவில்லை, தன்னையும் கேட்கவில்லை.

கொட்டகைக்கு முன்னால் தேங்கி நின்றதைக் கன்றுக்குட்டி நக்கிக் குடித்திருக்கிறது. சாயங்காலம் கள் குடித்ததுபோலத் தள்ளாடியது. லயத்துப் பிள்ளைகள் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்கள், நானும் கொஞ்சம் சிரித்தேன். மறுநாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது உயிர் போய்விட்டது. பூச்சி பொட்டு தீண்டியிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் டிரைவரண்ணன் வந்து வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"ஆத்தா, ஒங்க கன்னுக்குட்டிய நாந்தான் கொன்னுட்டேன்."

செத்துக் கிடந்த கன்றின் வாயோரத்தில் நீலக் கறையைப் பார்த்தாராம். உடனே கொட்டகைக்குப் போய், மிச்சமிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். இனித்ததாம். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸரைக் கேட்டார். டிரெஸர் துரையைக் கேட்டார். ஆமாம், அது விஷம்தான், நாய் பூனைகூடச் சாகும் என்று துரை சொல்லியிருக்கிறார். இவ்வளவையும் வாசலில் நின்றபடி எங்களிடம் ஒப்பித்தார். அதன் பிறகு எட்டு மாதம், பெரட்டுக்கு முன்னால் ஒரு கட்டுப் புல் அறுத்து எங்கள் பசுவுக்குப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார். ஆத்தா இரண்டாவது வாரமே மன்னித்துவிட்டார். நான் மன்னிக்கவில்லை. புல்லைக் கொண்டுவந்து போடுகிற சத்தம் கேட்டால் வேண்டுமென்றே கதவைச் சாத்துவேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியும், பால் டின்னும், காவாயோடு நடந்த நடையும். கார்த் தண்ணீரை மாற்றும்போது கீழே ஒரு தட்டு, அதற்குள் புனல், ஒரு சொட்டு தரையில் விழாது. எஞ்சினிலிருந்து எடுத்த கறுப்பு எண்ணெயோடு அதைச் சேர்க்க மாட்டார். "ரெண்டயும் ஒண்ணாக் கலந்தா ரெண்டுமே ஒதவாமப் போயிரும், எவனும் வாங்க மாட்டான்" என்பார். கறுப்பு எண்ணெயைக் கறையான் பிடிக்காமலிருக்க வேலி மரங்களுக்குப் பூசுவார். நீலத் தண்ணீரை மண்ணெண்ணெய் டின்னில் அடைத்து, வாயை இறுக மூடி, சிவப்புத் துணி சுற்றி, பிள்ளைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாத உயரத்தில் வைப்பார். சிரம்பான் டவுனுக்கு லாரி போகும்போது, கார் விற்ற பட்டறையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். முதல் தடவை அங்கிருந்த சீன முதலாளித் தவுக்கே, ஊரே காவாயில் ஊற்றுகிறது, நீ இதைச் சுமந்துகொண்டு வருகிறாயா என்று சிரித்தாராம். இவர் நகரவில்லை. தொந்தரவு தாங்காமல் அவர் மூலையில் ஒரு பீப்பாயைக் காட்டியிருக்கிறார். நிறைந்ததும் கப்பலில் திருப்பி அனுப்புவோம் என்றும் சொல்லியிருக்கிறார். "கப்பல்லேந்து எங்க போவும், தவுக்கே?" என்று இவர் கேட்டதும், ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு விரட்டினாராம். இதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

பிறகு கம்பி வேலி வந்தது. லயத்தைச் சுற்றி இரண்டு ஆள் உயரம். ஒரே ஒரு கேட். அரிசி, சீனி, டின் சாமான் எதுவும் கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. போனால் காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடுகிறவர்களுக்குப் போகிறது என்று அர்த்தம். கடையில் வாங்கும் டின்னைக்கூட அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் வெறும் தேத்தண்ணி கொண்டுபோகலாம், சீனி போட்டிருக்கக் கூடாது. ஆண்களைப் போலீஸ்காரர்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் வேண்டுமே, அந்த வேலை எனக்குக் கிடைத்தது. எனக்கு அப்போது இருபது வயது.

வேலையில் பாதி நாக்குக்குத்தான். ஒவ்வொரு போத்தலிலிருந்தும் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்க வேண்டும். இனித்தால் சொல்ல வேண்டும். எந்த வீட்டில் தேயிலை கடுப்பாகப் போடுகிறார்கள், எந்த வீட்டில் ஒரே தூளை இரண்டு தரம் கொதிக்க வைக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முதல் தடவை இனித்தால் கொட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். சந்தேகம் வந்துவிட்டால் அது வேறு. ஸ்டோரில் வேலை செய்த ஒருவரைச் சீனிப் பொட்டலத்தோடு பிடித்து, விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேயே நின்றுவிட்டார்கள்.

அன்று காலையில் டிரைவரண்ணன் லாரியைக் கொண்டுவந்து கேட்டில் நிறுத்தினார். புதிதாக வந்த சின்னத் துரையின் கார் அப்போதுதான் சீமையிலிருந்து வந்திருந்தது. அதிலிருந்து எடுத்த நீலத் தண்ணீர், சிவப்புத் துணி சுற்றிய டின்னில். எப்போதும் நிற்கிற போலீஸ் சார்ஜன் லீவில் போய்விட்டார், வந்தவர் புது ஆள், மலாய்க்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் பக்கத்து எஸ்டேட்டில் மண்ணெண்ணெய் டின்னுக்குள் சீனிப்பாகு பிடிபட்ட வாரம் அது.

டின்னைத் திறக்கச் சொன்னார். எட்டிப் பார்த்தார், முகர்ந்தார். இது என்ன என்றார்.

"ராச்சுன், துவான்" என்றார் டிரைவரண்ணன். ராச்சுன் என்றால் விஷம், துவான் என்றால் ஐயா. "சோதிக்கிறேன்னு நீங்க யாரும் தொட்டுப் பாத்துராதீங்க" என்று தமிழில் வேறு என்னைப் பார்த்துச் சொன்னார்.

பாகு வைத்திருந்தவனும் விஷம் என்றுதான் சொன்னானாம். சார்ஜன் என் பக்கம் திரும்பி, ருசி பார் என்று கை காட்டினார்.

எனக்கு அது என்னவென்று தெரியும். எஸ்டேட்டில் என்னையும் ஆத்தாவையும்விட அதை நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? துவான், இது கார்த் தண்ணீர், எங்கள் கன்று இதைக் குடித்துத்தான் செத்தது என்று நாலு வார்த்தை மலாயில் சொல்ல எனக்குத் தெரியாமலில்லை. சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு அந்தக் கன்று. ஒரு சொட்டு என்ன செய்துவிடும் என்ற வீம்பும் இருந்தது. விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன்.

"துப்பு! தங்கச்சி, துப்பிரு!" என்று கத்தினார். பாய்ந்து வந்தவரைப் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார்.

நான் விழுங்கினேன். சார்ஜனைப் பார்த்து, "மானிஸ்" என்றேன். இனிப்பு.

பொய் இல்லை. ஆனால் உண்மையை இவ்வளவு கேவலமாக வேறு எப்போதும் நான் பயன்படுத்தியதில்லை.

சார்ஜனுக்கு வழக்கு எழுத இஷ்டமில்லை. பெரிய மனசோடு, பக்கத்துக் காவாயைக் காட்டி, "புவாங்" என்றார். கொட்டிவிட்டுப் போ. அவ்வளவுதான் அவர் கேட்டது. டின்னைச் சாய்த்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"முடியாது துவான். இந்தக் காவா குட்டைக்குப் போவுது. மாடு குடிக்கும். புள்ளைங்க குளிக்கும்." தமிழும் மலாயும் கலந்து, கையைக் கும்பிட்டுக்கொண்டு சொன்னார். மறுபடி புவாங் என்றார்கள். மறுபடி முடியாது என்றார். டின்னை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

இனிப்பாக இருக்கிற ஒன்றைக் கொட்ட மாட்டேன் என்று ஒருவன் சொன்னால், அந்த நாளில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சார்ஜன் முகம் மாறிவிட்டது. ஒரு போத்தலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, டின்னை மூடி என் பொறுப்பில் காவல் கொட்டகையில் வைக்கச் சொல்லிவிட்டு, அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் பெண்டாட்டி லயத்திலிருந்து ஓடி வருவதற்குள் ஜீப் போய்விட்டது. கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதும் அந்த அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்காகப் பேசினால் தங்கள் மேலும் சந்தேகம் வருமென்று யாரும் துரைமாரிடம் போகவில்லை.

அன்று முதல் நான் அந்த டின்மேலேயே உட்கார்ந்திருந்தேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அதன் மேல்தான். பங்கீட்டுச் சீனி பத்தாத காலம். மூன்றாம் நாள், காவலுக்கு நின்ற நம்ம ஆள் ஒருவர் காப்பிக் கோப்பையை நீட்டி, "நீதான இனிக்குதுன்ன? ஒரு கரண்டி ஊத்து லா, யாருக்குத் தெரியப் போவுது" என்றார்.

"கிட்ட வந்தா கைய ஒடிச்சுருவேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் மூடியை இன்னொரு தரம் இறுக்கினேன். விஷம் என்று அப்போதுகூட என் வாயில் வரவில்லை. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே, அந்தப் பயம்.

ஐந்தாம் நாள் சாப்பிடும்போது ஆத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆத்தா திட்டவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கன்னுக்குட்டி செத்தப்ப யாரும் அந்தாளக் கேக்கல. தானா வந்து சொன்னாரு. ஒன்ன யாராச்சும் கேக்கணுமா?" என்றார்.

கையைக் கழுவிவிட்டு நேராகச் சின்னத் துரையின் பங்களாவுக்குப் போனேன். கிராணியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். அது உங்கள் காரிலிருந்து எடுத்த தண்ணீர், எனக்கு முதலிலேயே தெரியும், தெரிந்தே சொல்லவில்லை என்று சொன்னேன். கிராணி கடைசி வரியை மொழிபெயர்க்காமல் விழுங்கப் பார்த்தார், அதையும் சொல்லுங்கள் என்று நின்றேன். சின்னத் துரையின் முகம் சிவந்துபோனது. டிரைவர் லீவு போட்டிருப்பார் என்று நினைத்தேன் என்றார். உடனே டெலிபோனை எடுத்தார்.

ஆறாம் நாள் காலையில் ஜீப் வந்தது. டிரைவரண்ணன் இறங்கினார். சட்டையெல்லாம் கசங்கி, தாடி முளைத்து, இடது கன்னம் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. கேட்டில் நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அந்தப் பார்வையை நான் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள எனக்கு நியாயமும் இருந்தது.

பெண்டாட்டி கொண்டுவந்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார். "டின்னு எங்க?" என்றார். காட்டினேன். தூக்கிப் பார்த்தார், மூடியைத் தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார். அன்றைக்கே சிரம்பானுக்குப் போகச் சின்னத் துரை சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் ஓய்வெடுக்கச் சொல்லி எல்லாரும் சொன்னோம், கேட்கவில்லை. டின்னைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு லாரியில் ஏறி உட்கார்ந்தார். நான் போய்க் கதவோரம் நின்றேன்.

"அண்ணே, அன்னிக்கு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்."

"அது எனக்கும் தெரியும் தங்கச்சி."

"கன்னத்துல என்னண்ணே? அடிச்சாங்களா?" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"அன்னிக்கு நீ துப்பாம முழுங்கிட்ட. கன்னுக்குட்டி மூணாம் நாள்தான போச்சு? அதான் மூணாம் நாள் விடிஞ்சதும், எங்க எஸ்டேட் கேட்டுல நிக்கிற பொண்ணு உசுரோட இருக்கான்னு கேட்டேன். அவள யாரு கொல்லப் போறாங்க, ஒனக்கெப்படித் தெரியும்னு கேட்டு, போலீஸ்காரன் ஒண்ணு விட்டான்."

"அண்ணே..."

"நாலாம் நாளும் கேட்டேன். நேத்தும் கேட்டேன். ஒருத்தனும் சொல்லல."

சாவியைத் திருப்பினார். லாரி கேட்டைத் தாண்டிச் செம்மண் சடக்கில் இறங்கிப் போனது. வேலைக்குப் போகிற பெண்கள் போத்தலோடு வரிசையில் காத்திருந்தார்கள். அன்றைக்கு ஒருத்தியையும் நான் சோதித்துப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே எல்லாரையும் போகச் சொன்னேன்.